ஏழு நட்சத்திரங்கள்

மியூனிக்கில் ஒரு கண்காட்சியில், பல நிறத் துண்டுகளை ஒட்டித் தைத்த பழைய துருக்கியத் துணி ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியது. பார்த்ததும் எழுபதுகளின் ஹனோவரும், பட்டு தீய்ந்த வாடையும் நினைவுக்கு வந்தன.

அப்பா அங்கே வேதியியல் ஆராய்ச்சியாளர். பேராசிரியர் வீட்டு விருந்துக்கு முந்தைய நாள், அம்மா ஜெர்மன் வகுப்புக்குப் போயிருந்தபோது, உதவி செய்வதாக நினைத்து அவளுடைய கல்யாணப் புடவையை இஸ்திரி போட்டார். முந்தானையில் உள்ளங்கை அளவுக்குப் பொசுங்கிவிட்டது.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று கெஞ்சி, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்வீட்டு எமினே ஆன்ட்டியிடம் ஓடினார். துருக்கியிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர் அவர். பழைய துணிகளைச் சேர்த்து அவரே தைத்த பெரிய திரை ஒன்று அவர் வீட்டுச் சுவரை நிறைத்திருந்தது.

ஆன்ட்டி சிவப்பு வெல்வெட்டில் ஒரு நட்சத்திரம் வெட்டித் தீய்ந்த இடத்தை மூடினார். பிறகு வெவ்வேறு நிறங்களில் இன்னும் ஆறு வெட்டினார்.

"எதற்கு இத்தனை?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"ஒன்று வைத்தால் ஓட்டை என்று தெரிந்துவிடும். ஏழு வைத்தால் அழகு என்பார்கள்."

சாயங்காலம் அம்மா புடவையைப் பார்த்தாள். முந்தானையைத் திருப்பினாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணுக்குப் பின்னாடிதானே தீஞ்சிருக்கு? மத்த ஆறும் எதுக்கு?"

"அதுக்குத் துணைக்கு" என்றார் அப்பா.

அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். மறுநாள் விருந்துக்கு, ஏழும் தெரியும்படி முந்தானையை விரித்துவிட்டுக்கொண்டு போனாள்.