ஜெபப் பட்டியலில் நான் போடாத பெயர்

என் மகன் ஜோயலின் இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளை நான் இன்றும் மறக்கவில்லை. சென்ற மார்ச் மாதம். அவனுக்கு ஒரு வயது மூன்று மாதம். மலேசியாவில், கிள்ளான் மருத்துவமனைக் கட்டிலில் துவண்டு கிடந்தான். மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆண்டவரே, இவனை எடுத்துக்கொள்ளாதேயும் என்று கதறினேன்.

பக்கத்துக் கட்டிலில் கிளாரா என்ற குழந்தை. அவளுக்கும் அதே நோய். அவள் அம்மா ரீட்டாவுக்கு தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. கையில் எப்போதும் ஜெபமாலை. மூன்றாம் நாளே கிளாரா எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் மெதடிஸ்ட் சபையில் மாதர் ஜெபக்குழுவையே நடத்துகிறவள் நான். என் பிள்ளை கிடக்க, அவள் பிள்ளை சிரிப்பதா?

“அக்கா, உங்க ஜெபக்குழு வாட்ஸ்அப்ல என் பொண்ணு பேரையும் போடுங்களேன்” என்றாள் ரீட்டா.

“போடுறேன் லா” என்றேன். போடவில்லை. அதுதான் தேறிவிட்டதே, எல்லாரும் என் மகனுக்காக மட்டும் ஜெபிக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் டயப்பர் மாற்றும்போது ஜோயல் வீறிட்டான். ஊசி போட்டுப் போட்டுப் பயந்துவிட்டான் என்று இருந்தேன். ரீட்டா எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, வலது கால அசைக்கவே மாட்டேங்கிறான். டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“உங்க பிள்ளையப் பாருங்க” என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் தானே போய் நர்ஸை அழைத்து வந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கிருமி இடுப்பு மூட்டில் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. அன்று மாலையே ஆபரேஷன். இன்னும் தாமதித்திருந்தால் மூட்டே கெட்டுப்போயிருக்கும் என்றார் டாக்டர். நான் கேட்ட உதவியை ஆண்டவர் அனுப்பித்தான் இருந்தார். நான் பொறாமைப்பட்டவள் மூலமாக அனுப்பினார்.

ஆபரேஷன் அறை வாசலில் ரீட்டா என் மகன் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. கிளாரா பெயரைப் போடவில்லை என்று அழுதபடியே சொன்னேன்.

“தெரியும்கா. என் நாத்தனார் உங்க குரூப்லதான் இருக்காங்க.”

முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் பிள்ளையின் காலைப் பார்த்திருக்கிறாள்.

பல வாரம் மருந்து ஏறியது. இன்று ஜோயல் வீடு முழுக்க ஓடுகிறான். தேவனுக்கு நன்றி. ரீட்டாவின் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், அந்த மனசைப் பார்த்து. பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள், அவர் செவிகொடுப்பார். ஆனால் யாரைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு எரிகிறதோ, அவர் பிள்ளையின் பெயரை முதலில் சொல்லுங்கள். என் பட்டியலில் இப்போது முதல் பெயர் கிளாரா.