இரண்டாவது ஆராதனை

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்தபோது எனக்குக் கிடைத்தது காலை ஏழு மணித் தமிழ் ஆராதனை. ஒன்பது மணிக்கு அதே ஆலயத்தில் மலையாள ஆராதனை. அதற்கு வேறொரு போதகர். அவரை எல்லோரும் அச்சன் என்பார்கள், நாம் ஃபாதர் என்பதுபோல.

என் சபையார் பெரும்பாலும் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தெற்கே தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் படிப்பது மலையாளப் பள்ளிக்கூடத்தில். ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் பஸ்ஸுக்குப் போவார்கள். பிள்ளைகள் கேட் பக்கம் நின்று பேசிவிட்டு, ஒன்பது மணி ஆராதனைக்கு மறுபடி உள்ளே போய் உட்காருவார்கள். என் பிரசங்கத்தில் கொட்டாவி விட்டவர்கள் அங்கே முன்வரிசையில் இருப்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் என் மகளும் சொன்னாள். "அப்பா, நான் ரெண்டாவது சர்வீஸுக்கும் நிக்கேன் கேட்டோ. பாட்டுக் குழுவில சேத்திருக்காங்க."

"கேட்டோ" என்ற அந்த மலையாளச் சொல்கூட அச்சன் கொடுத்ததுபோல் இருந்தது.

அடுத்த ஞாயிறு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆராதிக்கப் போனேன் என்று சொன்னால் பொய். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். கிடைக்கவும் செய்தது. அச்சனின் பிரசங்கம் சாதாரணம். வசனத்தைத் தொட்டுவிட்டு எங்கோ போனார். இதற்கா இவ்வளவு கூட்டம் என்று மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

பிறகு வேதபாடம் வாசிக்க என் மகள் எழுந்தாள். ஒரு நீளமான சொல்லில் தடுக்கி, தப்பாகச் சொல்லி, மேலே வாசித்தாள். அச்சன் நிமிரவே இல்லை. தன் வேதாகமத்தில் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "நன்னாயி மோளே" என்றார், நன்றாயிருந்தது மகளே என்று. அவ்வளவுதான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான் சொல்லி அந்த முகம் அப்படி மலர்ந்து நாளாகியிருந்தது.

வீட்டில் கேட்டேன். "தமிழ்ல வாசிக்கச் சொன்னா மாட்டேங்குற. அங்க மட்டும் எப்படி?"

"அங்க தப்பு வந்தா ஒண்ணும் ஆகாது. நீங்க மைக்கிலேயே திருத்துவீங்கல்லே அப்பா. 'ரக்ஷகர் இல்ல, இரட்சகர்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதோட யாரும் வாசிக்க வரல்ல."

எனக்கு அது நினைவே இல்லை. திருத்துவது என் கடமை என்றுதான் எண்ணியிருந்தேன்.

அடுத்த மாதம், ஹோட்டலில் வேலை செய்யும் ஒருவரின் மகனைக் கெஞ்சி வாசிக்க வைத்தேன். ஏகத்துக்குத் தடுக்கினான். ஒவ்வொரு தடவையும் சபைச் செயலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். என் வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தேன்.

வெளியே வந்ததும் செயலாளர் பிடித்துக்கொண்டார். "ஐயா, வேத வசனத்தை இப்படித் தப்பா வாசிக்க விடலாமா?"

"மொதல்ல வாசிக்க ஆள் இருக்கட்டும். உச்சரிப்பு பின்னால வரும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதன்பின் வாசிக்க ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டாவது ஆராதனைக்குப் போவதையும் யாரும் விடவில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்கு மகள் மலையாளத்தில் தனியாகப் பாடினாள். ஒரு அம்மா அச்சனின் கையைப் பிடித்து, "அச்சன் வளர்த்த குட்டி" என்றார். குட்டி என்றால் அங்கே பிள்ளை. அச்சன் உடனே என்னைக் காட்டி, இவர்தான் அப்பா என்றார். பெருந்தன்மைதான். அந்தப் பெருந்தன்மையால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. சிரித்துக் கைகுலுக்கிவிட்டு வந்தேன். அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். சில நாள் அந்த ஜெபம் தொண்டையைத் தாண்டுவதில்லை.

போன சனிக்கிழமை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் தமிழ் வேதாகமத்தோடு வந்து, "அப்பா, நாளைக்கு என் முறை. இந்த வார்த்தையை எப்படிச் சொல்லணும்?" என்றாள். கத்தியை வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மலையாளச் சொல் தெரியாதபோது அச்சனிடமும் இப்படித்தான் போய் நிற்பாளோ என்று தோன்றியது. மீதிக் காயை நறுக்க ஆரம்பித்தேன்.