பொம்மைப் பெட்டிகளுக்குள் ஒரு கார் சாவி

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், கன்னட ஊரில் இருந்த எங்கள் வீட்டுக் கொலுவில் தொண்ணூற்று நான்கு பொம்மைகள். விஜயதசமிக்கு மறுநாள் காலை, சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒவ்வொன்றையும் பழைய நாளிதழில் சுற்றி, பதினோரு அட்டைப்பெட்டிகளிலும் ஒரு தகர டிரங்குப் பெட்டியிலும் அடுக்கினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. மேசைமேல் மகள் வைத்திருந்த கார் சாவியைத்தான் காணவில்லை.

அது எங்கள் கார் அல்ல. மின்னணுச் சாதனங்கள் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் மகள் என்ஜினீயர். அங்கே வேலை பார்த்த எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அந்தக் காரின் பூட்டைப் போல இங்கேயே செய்ய முடியுமா என்று பார்க்கச் சொல்லி, காரை மூன்று நாளைக்கு அவளிடம் விட்டிருந்தார். அன்று பன்னிரண்டு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாவியைத் தொலைத்தவளிடம் பூட்டு வேலையை யார் கொடுப்பார்கள்? அப்போது மணி பத்தேகால்.

சாவி என்றால் பல் வைத்த சாவி அல்ல. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு கறுப்பு அட்டை.

“பேப்பரோட சேத்து சுத்திட்டீங்க,” என்றாள் மனைவி. “தொண்ணூத்தி நாலும் எண்ணத் தெரிஞ்சுது. கையில என்ன இருக்குன்னு பாக்கத் தெரியல.”

நான் முதல் பெட்டியைத் திறக்கப் போனேன். பொம்மைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் எல்லாவற்றையும் பிரிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

“பிரிக்காதீங்கப்பா. காரையே கேட்டுடலாம்,” என்றாள் மகள்.

கைப்பிடியைத் தொட்டால் கார் ஒரு ரேடியோ அலையை அனுப்புமாம். இரண்டு முழத்துக்கு மேல் அது எட்டாது. அதற்குள் அட்டை இருந்தால் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். ஒவ்வொரு முறையும் வேறு எண் என்பதால், ஒட்டுக்கேட்ட திருடன் பழைய எண்ணைச் சொல்லி ஏமாற்ற முடியாது. எண் சரியாக இருந்தால் கதவு திறக்கும். ஆகவே பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காரருகே கொண்டுபோனால் போதும்.

கூடத்திலிருந்து கார் வரை இருபத்தேழு தப்படி. நான் பெட்டியைச் சுமந்துபோய் நிற்பேன். அவள் கைப்பிடியை இழுப்பாள்.

“நேத்து யானை மேல போச்சு; இன்னிக்கு யானை கெடைக்கலையா சார்? தசரா ஊர்வலம் கார்லயா?” என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

பதினோரு பெட்டிகளுக்கும் கதவு அசையவில்லை. கடைசியாக இருவருமாக டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தோம். அதற்கும் திறக்கவில்லை.

“எல்லாம் என்னாலதாம்மா,” என்றேன்.

அவள் டிரங்கை விரலால் தட்டினாள். “தகரம்ப்பா. கார் கூப்பிடறது உள்ள போகல.” மூடியைத் திறந்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தாள். கதவு ‘க்ளிக்’கென்று திறந்தது.

டிரங்கில் இருந்தவை பதினான்கு பொம்மைகள்தான். ஒன்பதாவதாகப் பிரித்த செட்டியார் பொம்மையின் காகித மடிப்பில் அட்டை இருந்தது.

“கெடைச்சுடுச்சே, மொதலாளிகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதே,” என்றேன்.

“சொல்லாம எப்படிப்பா? தகரத்துக்குள்ள இருந்தா கேக்காதுன்னு இன்னிக்குத்தானே எனக்கே தெரிஞ்சுது.”

மனம் கேட்காமல் நானும் கூடப் போனேன். தொலைத்தது முதல் கண்டுபிடித்தது வரை அவள் ஒன்றையும் மறைக்காமல் கன்னடத்தில் சொன்னாள். முதலாளி எழுந்து, மேசைமேலிருந்த தகர பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்து, அட்டையை உள்ளே போட்டு இறுக மூடி அவளிடம் நீட்டினார்.

“நடங்க. எங்களுக்கும் காட்டுங்க.”

அவள் டப்பாவுடன் காரை நோக்கி முன்னால் நடந்தாள். முதலாளியும் அந்த ஏழு ஆண்களும் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் போனார்கள்.