நடுங்குகிற முள்ளும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் ஹேமநாதன் பாதி நேரம் இந்த உலகத்திலேயே இருக்க மாட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் "டாங்க்ல" என்பார். அவருடைய சிவப்புக் காரின் பெட்ரோல் டாங்கைத்தான் சொல்கிறார். கட்டின பெண்டாட்டி எதிரே உட்கார்ந்திருக்கும்போது டாங்கில் இருக்கிற மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது?

சாஆ என்ற ஊரில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போனால், உலு திராமில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இருட்டிவிடும். மிச்ச நேரமெல்லாம் அந்தக் காருக்கு. பழைய மூன்று கதவு வண்டி. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களை விற்கிற கடையில் டர்போ இஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து அதற்குள் இறக்கினார். எடை குறையட்டும் என்று பின்சீட்டையும் கழற்றிவிட்டார். "அப்ப வைஷ்ணவி எங்க உட்காருவா?" என்று கேட்டேன். மகள் எங்கே உட்காருவாள் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆயுத பூஜை முடிந்த கொஞ்ச நாளில் வண்டிக்குச் சீக்கு வந்தது. இஞ்சினுக்குப் போகிற பெட்ரோலின் அழுத்தத்தைக் காட்ட முன்னால் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார். டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க அதன் முள்ளும் ஏற வேண்டும். ஏறாமல் நடுங்கியது, பிறகு சரிந்தது. காற்று நிறையப் போய் பெட்ரோல் போதாமல் போனால் உள்ளே பிஸ்டன் உருகிவிடுமாம். பம்ப்பை மாற்றினார், பில்டரை மாற்றினார், ஒயரைக்கூட புதிதாக இழுத்தார். வீட்டு வாசலில் நிற்கும்போது முள் சாமி மாதிரி அசையாமல் இருக்கும். தூரம் போனால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பித்துவிடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வித்துட்டு மூணு பேரும் உட்கார்ற மாதிரி ஒன்னு வாங்குங்க. இல்லன்னா நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றேன். சண்டை முற்றி ஒரு பேச்சுக்கு வந்தோம். செடெனாக்கிலிருந்து சதாசிவம் என்பவர் வண்டியைக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவார். அதற்குள் காரணம் தெரிந்தால் வண்டி எங்களுடையது. தெரியாவிட்டால் சதாசிவத்துடையது.

அந்த ஞாயிறு விடியற்காலையில் என்னையும் கூப்பிட்டார். அவர் சாலையைப் பார்க்க வேண்டும், யாராவது முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முனகிக்கொண்டே ஏறினேன்.

கோத்தா திங்கி சாலையில் பனி இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, திரும்பப் பனிக்குள்ளேயே போயின. டர்போ மெல்ல விசிலடித்தது. சாலை கீழே ஓடுகிறதா, நாங்கள் மிதக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. "எவ்ளோ?" என்பார். சொல்வேன். "இப்ப?" சொல்வேன். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நேரம் நான் சொல்வதை அவர் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

பிறகு முள் நடுங்கியது. "விழுதுங்க" என்றேன். காலை எடுத்து ஓரமாக நிறுத்தினார்.

இறங்கிப்போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். எட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, மூடியின் மேல் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தார். ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்கு வைத்தார், பானெட்டுக்கு வைத்தார். வண்டி சாப்பிடுகிற வாய் என்று மூடிக்கும் வைத்தார். சீக்கு வந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிறார், வண்டி நின்றால் வழியிலும் வைக்கிறார். சீக்கு முற்ற முற்றச் சந்தனமும் தடித்துக்கொண்டே போனது. என்னை ஒரு நாளும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகாத மனுஷன்.

திரும்ப ஓட்டினோம். முள் ஒழுங்காக ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நடுக்கம், மறுபடி நிறுத்தம், மறுபடி அந்தப் புஸ்.

நான் பேக்டரி கேன்டீனில் தேத்தண்ணி கலக்குகிறவள். பால் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் முக்கி முக்கித்தான் வரும். காற்று உள்ளே போக இன்னொன்று போட வேண்டும். மூடியைப் பார்த்தேன். விளிம்பெல்லாம் சந்தனம் காய்ந்து சிமெண்டாகக் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் மத்தியானம் இந்தச் சனியன் ஒழிந்துவிடும். மகளுக்கு உட்கார இடம் கிடைக்கும். நான் ஜெயித்துவிடுவேன்.

அவர் சாலையோரத்தில் உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் காலைத் தடவுகிற மாதிரி இருந்தது. பாவமாகிவிட்டது எனக்கு.

"என்னங்க, அந்த மூடியில காத்து போற வழி இருக்கா?"

"இருக்கும். ஏன்?"

"நீங்க வச்ச சந்தனம் அதை அடைச்சிருக்கும். பெட்ரோல் போகப் போக உள்ள காத்து வர வழியில்ல. பம்ப் இழுத்துப் பார்க்குது, முடியல. திறக்கும்போதெல்லாம் புஸ்ஸுங்குது, கேக்கலயா?"

"அலமாக், ஐயையோ" என்றார் மெதுவாக. என் கொண்டை ஊசியை வாங்கி மூடியைச் சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில் இருந்த சின்ன வழி முழுக்க மஞ்சளாக அடைத்திருந்தது.

திரும்பி வரும்போது பனி விலகி வெயில் வந்திருந்தது. முள் டர்போவோடு ஏறி அப்படியே நின்றது. "நிக்குது" என்றேன். "இன்னும் நிக்குது." வேறு சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இப்படியே எங்கேயோ தொலைவில் இருக்கிற குவாந்தான் வரைக்கும் போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

மத்தியானம் சதாசிவம் வந்தார். இவர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் சாவி அந்த ஆளின் கையில் இருக்கிறது.

"என்னங்க இது? காரணம் தெரிஞ்சா வச்சுக்கறதுன்னுதானே பேச்சு?"

"நீ பேசாம இருந்திருந்தா வண்டி தானா போயிருக்கும். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்ன."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் குடுத்தேன்."

பாவி மனுஷன். வாசல் கேட்டிலேயே நின்று அழுதேன். சிவப்பு வண்டி முனையில் திரும்பி மறைந்தது. விசில் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"நல்லா மூச்சு விடுது, கேளு" என்றார்.

பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். அந்த வண்டி வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.