பீடித்தூள் விழுந்த தொட்டி

மைதீன் பாத்திமா குப்பையில் கையை விட்டு விட்டுத்தான் நெஞ்சில் நோய் ஏறிப் போய்ச்சேர்ந்தாள் என்று மேலப்பாளையத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது சரியில்லை. சின்னப்பிள்ளையிலிருந்து மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றினவள் அவள். அத்தனை காலம் புகையிலைத் தூளை மூச்சோடு இழுத்ததை எவனும் பேச மாட்டான். கடைசி மூன்று வருஷம் கிண்டின குப்பை மேல் பழியைப் போடுவான். நான் ஐந்தாவது தாண்டாதவன். எனக்கு எழுத்து ஓடாது. இருந்தாலும் நடந்தது இதுதான்.

நான் குறிச்சிப் பக்கம் ஆற்றோரம் வாழை போடுகிறவன். யூரியாவைக் கொட்டிக் கொட்டி என் மண் இறுகிக் கிடந்தது. மண்வெட்டி போட்டால் ணங்கென்று கேட்கும். தார் வெட்டின மரங்களை வண்டியில் ஏற்றி எங்கேயாவது தள்ளிவிடப் போனபோது ஒரு நாள் அவள் தெருவில் மறித்து, அதை எனக்குத் தாங்க என்று கேட்டாள். அப்போது அவள் புருஷன் முகம்மது இப்ராஹிம் மவுத்தாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவளுக்கும் இருமல் முற்றி, இனிப் புகையிலையைத் தொட்டால் பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வழி தேடி, வள்ளியூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் மண்புழு வாங்கி, ஈரச்சாக்கில் பொதிந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். கண்டக்டர் என்ன என்று கேட்டதற்கு மீன்குஞ்சு என்றாளாம்.

அந்தத் தெருவில் பீடி சுற்றாத வீடு கிடையாது. நனைத்த இலையை அளவுக்கு வெட்டினால் ஓரம் நறுக்கு நறுக்காய் மிஞ்சும். வீட்டுக்கு ஒரு ஓலைக்கூடை கொடுத்து, இலை நறுக்கு, காய்த்தோல், வடிகட்டின தேயிலைச் சண்டு எல்லாம் போட்டுவைக்கச் சொன்னாள். அதோடு என் வாழைத்தண்டும் சாணமும் சேரும். புறவாசலில் இடுப்பளவு செங்கல் தொட்டி. புழு தின்று கழித்தது தேயிலைத் தூள் மாதிரி பொலபொலவென்று இருக்கும். அந்த உரத்தைப் போட்டு இரண்டு நடவுக்குள் என் மண் இளகிவிட்டது. பக்கத்து வயல்காரர்களும் காசு கொடுத்து வாங்க வந்தார்கள். அவள் அடுப்பு அதில்தான் எரிந்தது.

இடம் மட்டும் அவளுடையது இல்லை. புருஷனின் அண்ணன் முகம்மது சுல்தானுடையது. கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்குக் காயல்பட்டினத்திலிருந்து புதுச் சம்பந்தக்காரர்கள் வருவதாக இருந்தது. வாடை வந்தால் தொட்டியை இடித்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். புழு உயிரோடு இருக்கிறவரை வாடை வராது. மண் வாசம்தான் வரும்.

நோன்பு முடிய நாலைந்து நாள் இருக்கும். வண்டியோடு போனேன். புழுவெல்லாம் தொட்டிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி வெளியே விழுந்தது வெயிலில் சுருண்டு கிடந்தது. சூடு ஏறியிருக்கும், தண்ணீர் தெளி என்றேன். அவள் தொட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடி, உங்க ஆண்டவன் கோவிக்க மாட்டான் என்றேன். நோன்பு, மாட்டேன் என்று கையை ஆட்டினாள்.

"தூளு அண்ணாச்சி. பீடித்தூளு விழுந்திருக்கு. இது எனக்குத் தெரியாதா?"

பெருநாளுக்கு வீடு ஒதுக்கின பெண்கள், மூலை முடுக்கிலும் பாய்க்கு அடியிலும் கிடந்த தூளையெல்லாம் கூட்டிக் கூடையில் கொட்டியிருக்கிறார்கள். புகையிலைத் தண்ணீர் தெளித்தால் செடியில் பூச்சி அண்டாது என்பது அவர்களுக்குத் தெரியும். பாத்திமாவின் உரத்துக்கு நல்லதுதானே என்று நினைத்துத்தான் போட்டார்கள். புழுவும் பூச்சிதான் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

புழு செத்தால் குப்பை அழுகும். அழுகினால் பெருநாளன்று நாறும். உயிர் இருந்ததை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பானையில் ஈரச்சாணத்துக்குள் போட்டோம். என் விரல் மண்வெட்டி பிடித்த விரல், தொட்டதெல்லாம் நசுங்கியது. பைய, பைய என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு தூள் விழுந்த குப்பை முழுவதையும் வண்டியில் அள்ளிப் போட்டேன். அந்நேரம் சுல்தான் வந்தார்.

"என்ன வே பிச்சைக்கண்ணு, மொத்தமா அள்ளுதீரு? நாறிப் போச்சா?"

"பக்குவம் வந்துட்டு, அள்ளுதேன்" என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார். சுவரில் செத்து ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"பாத்திமா, சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

"வாடை வராது மச்சான்" என்றாள் அவள். சேலைத் தலைப்பால் பானையை மூடியிருந்தாள்.

புதுச் சாணமும் தண்டும் போட்டு, பிழைத்த புழுவை விட்டோம். தின்னுமா, மறுபடி சுவர் ஏறுமா, தெரியாது. தினமும் போய்ப் பார்த்தேன். அவளும் ராத்திரியெல்லாம் எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தாளாம். பெருநாளுக்கு முந்தின நாள் கிளறினபோது புழு அடியில் இறங்கிப் புது மண் தள்ளியிருந்தது. பெருநாளன்று விருந்தாளிகள் புறவாசலில் நின்று கை கழுவினார்கள். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. சுல்தான் தொட்டிப் பக்கமே வரவில்லை.

ஆனால் அன்றைக்குப் பிடித்த இருமல் அவளை விடவில்லை. பெருநாள் கழிந்து சளியோடு ரத்தமும் வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்து நின்றது. உட்கார வைத்தபிறகு என்னைக் கூப்பிட்டாள். போய் நின்றேன். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள்.

"கூடை வந்துக்கிட்டேதான் இருக்கும் அண்ணாச்சி. ஒவ்வொரு கூடையையும் மூக்குக்கிட்ட வச்சுப் பாருங்க. தும்மல் வந்தா தொட்டியில போட்டுறாதீங்க. திருப்பியும் அனுப்பிறாதீங்க, கோவிச்சுக்கிட்டு அப்புறம் ஒருத்தியும் தரமாட்டா. பேசாம வண்டியில வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிருங்க."