நகல் வாங்கிப் போனவர்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். முதல் நாள் டைரியில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்து, சபைக் காலண்டரில் அன்றைய வசனத்தைப் படித்து, தம்பி தானியேலுக்கும் எனக்கும் உப்புமா கிளறி, 8.40க்கு ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு, உங்களுக்குத் தேதி குழம்பியிருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடாது. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வருகைப் பதிவேடு எழுதுகிறவள் நான். ஆவி, செத்தவர் வருவது, இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததே கிடையாது. சபையில் யாராவது சாட்சி சொல்ல எழுந்தால்கூட, இதில் பாதிதான் நடந்திருக்கும் என்று மனதுக்குள் கழித்துக்கொள்வேன்.

அன்று நான் போனது குற்றவியல் நீதிமன்றத்தின் நகல் பிரிவுக்கு. எந்த நீதிமன்றம் என்று சொல்லப்போவதில்லை. தானியேல் லாரி ஓட்டியபோது அவன் மேல் ஒரு விபத்து வழக்கு இருந்தது. நாலு வருடம் இழுத்து, 2020 மார்ச் 6ஆம் தேதி விடுதலை ஆனான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலைக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் 10க்குள் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் காட்டவேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு. இரண்டு நாள்தான் மீதி.

நகல் வாங்கும் முறையைச் சொல்கிறேன், அப்போதுதான் என் கோபம் புரியும். மனு கொடுத்தவுடன் நகல் கிடைக்காது. பதிவறையிலிருந்து வழக்குக் கட்டு வந்து, பக்கம் எண்ணி, இத்தனை முத்திரைத்தாள் கட்டு என்று நம் மனு எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். தபால் வராது, போன் வராது. ஒட்டிய சில நாளுக்குள் தாள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. ஜூன் மாதம் நான் கொடுத்த மனுவுக்காக ஆறு தடவை லீவு போட்டுப் போய்ப் பலகையைப் பார்த்தேன், எண் இல்லை. ஏழாவது தடவை, ஒட்டினோம், நீங்கள் பார்க்கவில்லை, தள்ளுபடி ஆகிவிட்டது என்றார்கள். ஆறு தடவையும் எத்தனை மணிக்குப் பலகை முன்னால் நின்றேன் என்று என் டைரியில் இருக்கிறது. டைரியைக் காட்டினேன். "டைரியெல்லாம் செல்லாது மேடம்" என்றார் நகல் பிரிவு எழுத்தர். ஜூலையில் மறுபடியும் மனு கொடுத்தேன்.

அன்று 9.50க்கே போய்விட்டேன். எழுத்தர் 10.35க்கு வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். வழக்கு எண்ணைச் சொன்னதும் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்தக் கேஸ்ல நேத்தே நகல் போயிருச்சே மேடம்."

"யாருக்குப் போச்சு? நான் நேத்து கம்பெனியில இருந்தேன்."

"பெரியவர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாவ. உங்க வீட்டு ஆளுதான்னு நெனச்சேன்."

"ஆறு தடவை வந்தவ நான். எங்கிட்ட ஆதார் கேட்டீங்க, அதுக்கு ஜெராக்ஸ் கேட்டீங்க. அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"என்னத்தக் கேக்க? அவியளுக்கு நான் பேசுறதே கேக்கல. மில்லு சத்தத்துல காது போச்சுன்னாவ. காலைல தாளக் கட்டிட்டு அந்தத் தூண் பக்கத்துல போய் நின்னாவ. பொறவு வாங்கன்னு எம்புட்டோ சொல்லியாச்சு, நகரல. நின்ன நெலையப் பாத்துட்டு எங்க டைப்பிஸ்ட் அம்மாவே அடிச்சுக் குடுத்துட்டாவ."

இரண்டு மாதமாக எனக்குக் கிடைக்காத நகல் யாரோ ஒருவருக்கு ஒரே நாளில் கிடைத்திருக்கிறது. எதிர்த் தரப்பு ஆள்தான் ஏமாற்றி வாங்கிப் போயிருக்கவேண்டும் என்று நினைத்தேன். பதிவேட்டைக் காட்டச் சொன்னேன், காட்டக்கூடாது என்றார், தலைமை எழுத்தரிடம் போகிறேன் என்றதும் பாதியை மட்டும் திருப்பிக் காட்டினார்.

பெற்றுக்கொண்டவர் கையெழுத்து: சா. ஞானமுத்து. அதன் கீழே 417.

நம்பினால் நம்புங்கள், அது எங்கள் அப்பாவின் கையெழுத்து. அப்பா நூற்பு மில்லில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். எங்கே கையெழுத்துப் போட்டாலும் கீழே மில் டோக்கன் எண்ணையும் சேர்த்து எழுதிவிடுவார். என் கல்யாணப் பதிவேட்டில்கூட 417 இருக்கிறது, பாஸ்டர் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. தானியேலின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பாதான் கூடப் போவார். "தீர்ப்புச் சொன்ன அன்னைக்கே மனுவப் போட்டுரணும், விட்டா அலைய விட்டுருவானுவ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தீர்ப்புக்குப் பதினோரு நாள் முன்னால் இறந்துபோனார்.

"இந்த நம்பர் என்ன, கதவு நம்பரான்னு சத்தமாக் கேட்டேன். டோக்கன்னு சொன்னாவ" என்றார் எழுத்தர்.

"சார், இது எங்க அப்பா. அவர் செத்து மூணு வருசத்துக்கு மேல ஆச்சு."

எழுத்தர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். பதிவேட்டை மெதுவாக மூடி வைத்துவிட்டு, "அப்போ புகார் எழுதிக் குடுங்க மேடம். இறப்புச் சான்றிதழ் இணைக்கணும். ரெண்டு நகல்" என்றார்.

அந்த நிமிடம் எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரோ அப்பா பெயரைத் திருடியிருக்கிறார்கள், இவர் அதற்கும் இரண்டு நகல் கேட்கிறார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் புகாரை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன்.

மாலை 4.15க்கு வீட்டில் உட்கார்ந்து புகாரை எழுதி முடித்தேன். பொருள்: ஆள்மாறாட்டம் செய்து நகல் பெற்றது குறித்து. தானியேலிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எக்கா, அப்பாவுக்குக் காது கேக்காதது அந்த ஏமாத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"ஏலே, மில்லுல வேலை பாத்தவனுக்கெல்லாம் காது கேக்காதுதான். சும்மா இரு" என்றேன். அவன் சும்மா இருக்கவில்லை, வேலை போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

இறப்புச் சான்றிதழ் எங்கள் இரும்பு பீரோவில் ஒரு பச்சைக் கோப்பில் இருக்கிறது. பீரோவுக்கு ஒரே சாவி, அது என் கைப்பையில்தான் எப்போதும் இருக்கும். கோப்பைக் கடைசியாக எடுத்தது ஜனவரி 19, குடும்ப அட்டை வேலைக்காக. அதையும் குறித்திருக்கிறேன். திறந்தேன். சான்றிதழ் மேலாக இருந்தது. அதன் அடியில், சட்டைப் பைக்குள் வைக்கிற மாதிரி நான்காக மடித்து, தீர்ப்பின் நகல் இருந்தது. பதினான்கு பக்கம். முத்திரை, கையொப்பம், எல்லாம் இருந்தது.

தானியேல் அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன், என் வழக்கம் அது. கடைசிப் பக்கத்தின் பின்புறம், எல்லா நகலிலும் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. தாள் கட்டிய நாள், 7.8.2023. நகல் வழங்கிய நாள், 7.8.2023. இவற்றுக்கு மேலே, மனு அளித்த நாள் என்ற கட்டத்தில் நான் மனு கொடுத்த ஜூலைத் தேதி இல்லை. ஜூன் தேதியும் இல்லை.

மனு அளித்த நாள், 6.3.2020.

பத்தாம் தேதி அந்த நகலைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தோம். மேலாளர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். தானியேல் இன்றும் அந்தப் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறான். நகல் எப்படி பீரோவுக்குள் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா அந்தத் தூணின் பக்கத்தில் நின்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம், நான் ஆறு தடவை பலகை முன்னால் நின்றபோதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாரா, தன் எண் ஒட்டியிருக்கிறதா என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாரா என்று தோன்றுகிறது. நகல் கிடைத்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பயத்தினால் அல்ல. மூன்று வருடம், ஐந்து மாதம், ஒரு நாள் காத்திருப்பு. எழுபது வயது மனிதர், காது கேட்காதவர்.

மறுநாள், ஆகஸ்ட் 9, காலை 5.10க்கு எழுந்தேன். முதல் வேலையாக, எழுதி வைத்திருந்த புகாரைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். பொருள்: மனுதாரர் சா. ஞானமுத்துவுக்கு நகல் வழங்குவதில் ஏற்பட்ட தாமதம் குறித்து. இறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு நகல்.