ஏலக்கூடத்தில் நடந்த மாணவர் சேர்க்கை

"மேடம், நாலு பிள்ள குறையுது. ஆகஸ்ட் கணக்கெடுப்புலயும் இப்படியே இருந்தா ஜெபா டீச்சர் சர்ப்ளஸ்தான், கூடுதல் ஆளு. எங்கன தூக்கிப் போடுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார் வட்டாரக் கல்வி அலுவலர்.

அப்போது கடலோரத்தில், திரேஸ்புரம் பக்கம் ஓர் அரசு தொடக்கப்பள்ளியில் நான் தலைமையாசிரியை. ஐந்து வகுப்புக்கும் ஜெபாவும் நானும்தான். அவளுக்குக் கைக்குழந்தை வேறு.

மறுநாள் காலை பிள்ளை சேர்க்க நோட்டீஸ் கட்டோடு கிளம்பினோம். எந்த வீட்டுக்குப் போனாலும் பூட்டு. "நம்மளக் கண்டாலே ஓடிருதாளுவ" என்று புகைந்தேன். பெட்டிக்கடை அண்ணாச்சி சிரித்தார். "இந்நேரம் அத்தன பொம்பளையும் மீன் ஏலத்துலல்லா இருப்பாளுவ, டீச்சர்!"

ஏலக்கூடத்துக்கே போய்விட்டோம். மீன் வியாபாரம் செய்யும் அமலி கூடையை இறக்காமலே பேசினாள். "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுக்கீங்க. ஆனா தொறக்கது ஒம்பதுக்கு. நா இங்கன வந்துட்டா பிள்ளைய யாரு பாப்பா? தனியார் ஸ்கூல் வேன் ஏழுக்கே வந்து ஏத்திட்டுப் போயிருது. அதுக்குத்தான் பீஸ் கட்டி அழுவுதேன்."

அடக் கடவுளே! தனியாருக்குப் போவதெல்லாம் இங்கிலீஷ் மோகம் என்றல்லவா மீட்டிங் மீட்டிங்காகப் பேசிக்கொண்டிருந்தோம்! சேர்க்கைக்குப் போகிற இளம் ஆசிரியர்களே, பள்ளியின் பெருமையை அப்புறம் சொல்லுங்கள். அம்மாமார் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

"எட்டுக்குத் தொறக்கேன். காலைச் சாப்பாடும் உண்டு" என்றேன்.

"ஆறரை" என்றாள் அமலி.

"ஏழே முக்கால்."

சுற்றி நின்ற பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். மீனை விட்டுவிட்டு எங்களை ஏலம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜெபா என் முந்தானையை இழுத்தாள். "டீச்சர், அவ்வளவு காலையில யாரு வருவா?"

"ஒனக்கு இங்கன வேல வேணுமா வேண்டாமா? சும்மா இரு."

கடைசியில் ஏழு மணிக்குப் படிந்தது; பிள்ளையை அனுப்புவதாகச் சிலர் வாக்கும் கொடுத்தார்கள். மறுநாளே திறந்தோம். வந்தது அமலி மகள் மட்டும்தான். சொன்ன நேரத்துக்குத் திறக்கிறோமா என்று மற்றவர்கள் வேவு பார்த்தார்களாம்! பிறகு இரண்டு பிள்ளைகள் வந்தன. கணக்கெடுப்பு நாள் விடிந்தபோதும் ஒன்று குறைந்தது.

மணி அடிப்பதற்குள் அமலி தன் பக்கத்து வீட்டுக்காரியை மகனோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "ஏளா, ஏலத்துல வாக்குக் குடுத்தேல்லா? பிள்ளைய உள்ள விடு!" என்று அவளை அதட்டினாள்.

அலுவலர் இரண்டு தடவை எண்ணினார். "சரியா இருக்கு மேடம். ஜெபா டீச்சர் இங்கனதான்."

ஜெபா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் நாற்காலியில் பொத்தென்று விழுந்து, "அப்பாடா!" என்றேன், வாய்விட்டு.

வகுப்பில் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லித்தானே பிள்ளைகளுக்குப் பழக்கம். அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "அப்பாடா!"